யார் வீட்டுப் பிள்ளை?



சென்ற இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் கையெழுத்தைப் பற்றியதே அல்ல. பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். "என் மகள் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் நான்கு பேருக்கு முன்னால் நிற்கச் சொன்னால் அழுதுவிடுகிறாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறோம், ஜெபமும் செய்கிறோம். பயம் மட்டும் போகவில்லை. தைரியத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர முடியாதா டீச்சர்?" என்பது அவருடைய கேள்வி.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கணக்குப் போதிக்கும் முறையைச் சொல்லித் தந்தார்கள். பாட்டுக் கற்பிக்கும் முறையையும், கரும்பலகையில் கோணாமல் எழுதும் முறையையும் சொல்லித் தந்தார்கள். தைரியம் போதிக்கும் முறை என்று ஒரு பாடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே அந்தச் சகோதரிக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் என் வகுப்புக்கு வந்து சேர்ந்த ஒரு பையனையும் அவன் தாயையும் பற்றிச் சொல்ல வேண்டும். என் பாட்டியைப் பற்றியும், யுத்த காலத்தில் பாப்பான் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஓர் அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சற்றுச் சுற்றிவளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. சீனிக்கும் புளிக்கும் கடைக்குப் போகிற பிள்ளையை வழியில் நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். பெயரைக் கேட்கமாட்டார்கள். பெயர் யாருக்கு வேண்டும்? மேட்டு லயத்து மண்டோர் பேத்தி, ஆயாக்கொட்டகைக் கிழவி வீட்டுப் பேரன் என்று பதில் வந்தால் போதும், கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுவார். வழியில் அடம்பிடிக்கும் நாயும் அதட்டலுக்கு அடங்கிவிடும். அந்தப் பதிலைச் சொல்லும்போது பிள்ளையின் முதுகு கொஞ்சம் நிமிரும், கவனித்திருக்கிறீர்களா? ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, நம்மவர் பலர் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே லிஃப்டில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் இப்படிக் கேட்பார் இல்லை. அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அது கிடக்கட்டும். ஒன்பது வயதில் ஒரு பையன் எங்கள் பள்ளிக்கு வந்தான். அதுவரை பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவன். முதல் நாள் பெயரைக் கேட்டேன். தரையைப் பார்த்தான். சரி, யார் வீட்டுப் பிள்ளையப்பா என்று நம் வழக்கப்படி கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் பின் பெஞ்சியிலிருந்து ஒரு குரல் வந்தது: "அவனுக்கு சூராட் இல்ல, டீச்சர்."

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை. நம் தோட்டப்புறங்களில் இது புதிய கதை அல்ல. பெற்றோர் திருமணத்தைப் பதிந்திருக்கமாட்டார்கள். அல்லது அவர்களில் ஒருவருக்கே பத்திரம் இருக்காது. குழந்தை வீட்டில் பிறந்திருக்கும். பதியவேண்டிய கெடு கடந்திருக்கும், பிறகு பயம் வந்திருக்கும். அந்தப் பயத்தில் வருடங்கள் ஓடிவிடும். பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதே ஒரு போராட்டம். சேர்த்த பிறகும் அவன் பெயர் 'சூராட் இல்லாதவன்' என்றே ஆகிவிடுகிறது. பின் பெஞ்சிப் பிள்ளையைக் கோபித்துப் பயன் இல்லை. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைத்தானே அது சொல்லிற்று.

அவன் தாயை வரவழைத்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் விட்டுப் போய்விட்டான். உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். பத்திரத்துக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். முன்பு ஒரு முறை பட்டணத்து அலுவலகம் ஒன்றுக்குப் போய், முகப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, அழுதுகொண்டே வந்துவிட்டாராம். "வேணாம் டீச்சர். ஆண்டவர் புத்தகத்துல அவன் பேரு இருக்கு. எங்களுக்கு அது போதும்" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரணம், அது என் பாட்டியின் வாக்கியம்.

என் பாட்டி கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பால்மரம் வெட்டியே கை தழும்பு ஏறியவர். 1957ல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். எழுத்து வாசனை இல்லாதவர், ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். கடைசிவரையில் சிவப்பு அட்டைதான். 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற சட்டம் வந்தது. நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் பெட்டி கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறின என்பது மூத்த வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு லயத்தில் ஒரே மாதத்தில் மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்ததாகப் பாட்டி சொல்வார். தாத்தாவும் போய்விடலாம் என்றாராம். போய் எந்த ஊரில் இறங்குவது என்று பாட்டி கேட்க, அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பாட்டி என்ன செய்தார்? வெட்டு முடிந்து, பால் நிறுத்து, கால் கழுவி, வெள்ளைச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கிராணி ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்றார். அதற்கு முன் அந்த ஆபீசின் படியை அவர் ஏறியதே இல்லை, ஜன்னல் வழியாகத்தான் சம்பளம். "என் பேரை எழுதி அனுப்புங்க ஐயா" என்றாராம். இன்று இல்லை நாளை வா என்றார்கள். நாளை போனார். அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் போனார். என்னம்மா, பேர் இல்லாத ஆளுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கிராணி சிரித்ததற்குத்தான் பாட்டி சொன்னார்: "துரை புத்தகத்துல எம் பேரு இல்லாம இருக்கலாம் ஐயா. ஆண்டவர் புத்தகத்துல இருக்கு. அதனாலதான் வந்து நிக்கிறேன்."

மனு போயிற்று. அனுமதியும் கிடைத்தது. பாட்டி அதே தோட்டத்தில் ஓய்வு பெற்றார், 1996ல் அதே தோட்டத்துக் கோயில் மண்ணில் அடக்கமானார். சிவப்பு அட்டை பெட்டியில் மாதா படத்துக்கு அடியில் இருந்தது.

பாருங்கள், இரண்டு பெண்களும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். ஒருவர் "அதனால் வந்து நிற்கிறேன்" என்றார். மற்றவர் "அதனால் நான் வரவில்லை" என்கிறார். அந்த இளம் தாயின் விசுவாசம் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கழுவிக் கழுவி வெந்த கைகளைக் கூப்பித்தான் அவர் அதைச் சொன்னார். ஆனால் கடவுளின் பிள்ளை என்பது ஒளிந்துகொள்ளும் மூலையாகவும் ஆகலாம், ஏறி நிற்கும் படியாகவும் ஆகலாம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நம் கோயில்களில் முதலாவதைத்தான் அதிகம் போதிக்கிறோமோ என்ற சந்தேகமும் வந்தது. பிரசங்கம் செய்கிற பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்று இரவு, வெகு நாளாக அலமாரியில் கிடந்த ஒரு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். சிபில் கார்த்திகேசு அம்மையார் தம் அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதியது. அவர் மறைந்த பிறகு, 1954ல் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற பெயரில் வெளிவந்தது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பலர் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியிருப்பார்கள். அவர் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவரை 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வது கடினம். 1899ல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர். தந்தை வழியில் அயர்லாந்துத் தொடர்பு, தாய் வழியில் யுரேசியர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை 1919ல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் மணந்தார். முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட உயிரோடு இல்லை. பிறகு ஒரு மகனை எடுத்து வளர்த்தார்கள், இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கணவரோடு சேர்ந்து மருந்தகம் நடத்தினார். கான்டனீஸ் சரளமாகப் பேசுவார். வெள்ளைக்காரர் கூட்டத்தில் அவர் முழு வெள்ளை அல்ல, தமிழர் கூட்டத்தில் முழுத் தமிழரும் அல்ல, சீனர் மொழி பேசினாலும் சீனரும் அல்ல. இப்படி நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு பிழைக்கத்தான் பழகுவார்கள். அவர் எப்படி வேறு மாதிரி ஆனார் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. ஈய லம்பங்களுக்கு நடுவில் ஒரு தெருவும் இரு பக்கமும் கடைவீடுகளுமாக இருந்த ஊர். அங்கே 74ஆம் எண் வீட்டில் மருந்தகம். நோய்க்கு மருந்து கேட்டு வந்த ஏழைகளுக்கு முன்வாசல், காட்டிலிருந்து குண்டடிபட்டு இறங்கி வந்த எதிர்ப்புப் படையினருக்கு இரவில் பின்வாசல். வீட்டில் ஒளித்துவைத்த ரேடியோவில் லண்டன் செய்தியைக் கேட்டு, மற்றவர்களுக்கும் சொன்னார். அந்த நாளில் இதில் எந்த ஒன்றுக்கும் தலை போகும். அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். வீட்டுக்கு வீடு பயம் சமைத்துச் சாப்பிட்ட காலம் அது.

அந்தப் படையினர் கம்யூனிஸ்ட்டுகளின் தலைமையில் இருந்தவர்கள். இவரோ தினமும் ஜெபமாலை உருட்டுகிற கத்தோலிக்கர். அரசியல் பார்த்திருந்தால் பின்கதவைத் திறந்திருக்கவே முடியாது. இரத்தம் வடிய ஒருவன் நின்றால் தாதி என்ன செய்வாள், கிறிஸ்தவள் என்ன செய்வாள் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்தது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தான் யார் என்பது ஒருவருக்குத் தெளிவாக இருந்தால், என்ன செய்வது என்ற கேள்வி பாதி தீர்ந்துபோகிறது.

1943ல் பிடித்துக்கொண்டு போனார்கள். கணவரும் மகனும்கூடச் சிறைப்பட்டார்கள். அவர் பட்ட சித்திரவதையை இந்தக் குடும்பப் பத்திரிகையில் முழுவதும் எழுத மாட்டேன். பிரம்படி, வயிறு உப்பும்வரை தண்ணீர் ஏற்றுதல், பழுக்கக் காய்ச்சிய இரும்பு, நகம் பிடுங்குதல் என்று ஒரு வரியில் நிறுத்திக்கொள்கிறேன். விசாரணை செய்தவர்கள் அவருக்கு வேறு வேறு பெயர்களைச் சூட்டிப் பார்த்தார்கள்: ஒற்றர், கம்யூனிஸ்ட் கையாள், எதிரியின் பிரசாரகி. ஒப்புக்கொள், உதவியவர்களின் பெயர்களைச் சொல், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் அழாமல் இருந்தார், அஞ்சாமல் இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அஞ்சியிருக்கிறார், அலறியிருக்கிறார், என் பலம் போதாது, உம் பலத்தைத் தாரும் என்று கெஞ்சி ஜெபித்திருக்கிறார். பெயர்களை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அந்தச் சம்பவம். அவருடைய இளைய மகள் டான் ஏழு வயது அளவில் இருந்த குழந்தை. அந்தக் குழந்தையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே கரி நெருப்பு மூட்டினார்கள். தாயை எதிரே கட்டி வைத்தார்கள். இப்போது சொல், இல்லாவிட்டால் கயிற்றை இறக்குவோம் என்றார்கள். அந்தச் சின்னப் பிள்ளையே, சொல்ல வேண்டாம், ஆண்டவர் நம்மோடு இருப்பார் என்ற பொருளில் தாயைத் தேற்றியதாக அவர் எழுதியிருக்கிறார். கடைசி நேரத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டதால் பிள்ளை பிழைத்தது.

முதன்முறை இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கும் ஒரு மகள் உண்டு. அந்த அம்மையார்மேல் கோபம்கூட வந்தது. பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்க ஒரு தாய்க்கு என்ன உரிமை? அந்த இடத்தில் நான் இருந்தால் ஊரில் உள்ள எல்லாப் பெயரையும் சொல்லியிருப்பேன். இன்றும் அப்படித்தான் செய்வேன் என்று நினைக்கிறேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் இம்முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அவர் வாய் திறந்திருந்தால் பாப்பானில் எத்தனை வீடுகளில் அந்தக் கரி நெருப்பு மூட்டப்பட்டிருக்கும்! அந்த வீடுகளிலும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பலரின் பிரசவத்தை அவரே பார்த்திருக்கவும் கூடும். நாம் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதைக் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எளிது. அந்த அம்மையார் அதைக் கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லவேண்டி வந்தது. பாப்பான் சந்தில் ஓடுகிற சீனக் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை? தொங்குகிற டான் யார் வீட்டுப் பிள்ளையோ அதே வீட்டுப் பிள்ளை. அவர் செய்தது சரிதான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் எங்கே நின்றுகொண்டு அதைச் செய்தார் என்பது மட்டும் இப்போது புரிகிறது.

ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945ல் யுத்தம் முடிந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைக் காயம் விடவில்லை. அதிலிருந்து இரத்தத்தில் நஞ்சு பரவி, 1948 ஜூன் 12ஆம் தேதி, தம் 48ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு உடலைக் கப்பலில் கொண்டுவந்து ஈப்போவில் அடக்கம் செய்தார்கள். ஊரே பின்னால் நடந்தது.

வீரத்தைப் பற்றி வேதாகமத்தில் தேடப் போனால் நமக்கு முதலில் தாவீதுதான் நினைவுக்கு வருவான். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கிதியோனின் கதையைத்தான் சொல்வேன். மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் மறைந்து கோதுமை போரடித்துக்கொண்டிருந்தவன் அவன். நெல் தூற்றக் காற்று வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும். காற்றே வராத குழியில் தானியம் தூற்றுகிறவனின் பயம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்! அங்கே வந்த தேவதூதன் அவனைப் பராக்கிரமசாலி என்று அழைக்கிறான். கிதியோன் நம்பவில்லை. என் குலம் எளியது, என் வீட்டிலேயே நான்தான் கடைக்குட்டி என்கிறான். நம்முடைய 'நாங்கள்லாம் தோட்டக்காட்டு ஆளுங்க' என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அழைத்த பெயருக்கு அவன் ஒரே நாளில் தகுதி பெற்றுவிடவும் இல்லை. தகப்பன் வீட்டுப் பாகால் பீடத்தை இடிக்கச் சொன்னபோது, வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, இரவில்தான் போய் இடித்தான். அந்த 'இரவில்' என்ற சொல்லை வேதம் மறைக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? பயம் இருந்தது. பீடமும் இடிந்தது. பாப்பான் வீட்டின் பின்கதவும் இரவில்தான் திறந்தது.

இந்து சமய வாசகர்களுக்கும் இது அந்நியமாகத் தோன்றாது என்று எண்ணுகிறேன். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது, நான் யாருடைய ஆள் என்பதை வைத்தே அப்பர் பெருமான் வர மறுத்தார் என்பது உங்கள் வீட்டில் சொல்லப்படும் வரலாறு அல்லவா? கிறிஸ்தவர்கள் இதை 'பிள்ளை' என்ற சொல்லால் சொல்கிறோம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் அடிமையின் பயத்தையும் பிள்ளையின் உரிமையையும் எதிரெதிரே வைத்துக் காட்டுகிறார். அடிமை, எஜமான் இன்று என்ன முகத்தோடு இருக்கிறான் என்று பார்த்துப் பார்த்து நடப்பவன். பிள்ளை கதவைத் தட்டாமலே உள்ளே வரும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளிடம் பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லாதீர்கள். அது காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் சுடாதே என்று சொல்வது போல. அவள் முன்னே போவதற்கு முன்பே அவள் யார் என்பதைச் சொல்லுங்கள். நன்றாகச் செய்த பிறகு 'என் கண்ணு' என்பதல்ல, அழுதுகொண்டு திரும்பி வந்த அன்றும் 'என் கண்ணு'தான் என்று அவளுக்குத் தெரியவேண்டும். பேதுருவைப் பாருங்கள், கரி நெருப்பருகே ஒரு வேலைக்காரப் பெண் 'நீயும் அவரோடு இருந்தவன்தானே' என்று கேட்டதற்கே நடுங்கி, இல்லை என்று சொன்னவர். பின்னொரு நாள் கரையில் மூட்டிய இன்னொரு கரி நெருப்பருகே ஆண்டவர் அவருக்குச் சாப்பாடுதான் போட்டார். கேள்வி எல்லாம் சாப்பிட்ட பிறகு.

அந்தப் பையனின் தாயிடம் மறுபடி போனேன். இந்த முறை பத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. பாட்டியின் கதையை மட்டும் சொன்னேன், வெள்ளைச் சேலை உட்பட. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, ஓய்வு நேரத்தில் பள்ளி வாசலில் வந்து நின்றார். "வெள்ளைச் சேலை இல்ல டீச்சர், இது போதுமா?" என்றார். கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலை.

அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எண் வந்தது. நானே பேசிவிடலாம் என்று வாயெடுத்தேன், என் மலாய் அவருடையதைவிடச் சற்றுத் தேவலாம். அவர் என் கையை மெல்ல அழுத்தி நிறுத்திவிட்டு முகப்புக்குப் போனார். குரல் நடுங்கியது. அவர் பெயர், அவருடைய தாயின் பெயர், பையனின் பெயர், பிறந்த நாள், பிறந்த லயம், பிரசவம் பார்த்த கிழவி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டார். தகப்பன் பெயருக்கு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தபோது, ஒரு நொடி தலை குனிந்தது. பிறகு அதையும் சொன்னார். இன்னும் இரண்டு தாள்கள் வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும், மறுபடி வரவேண்டும் என்றார்கள். எத்தனை மாதமாகும், கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் இதை எழுதும் இன்றுவரை தெரியவில்லை. நாள் குறித்து ஒரு சீட்டு மட்டும் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டான். அதில் அவன் பெயர் அச்சாகியிருந்தது. இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருக்கிறான். எங்கள் ஸ்டாப் வரும்வரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்தான். அவன் தாய் அசதியில் தூங்கிவிட்டார்.